அடுப்புக்கு இந்தப் பக்கம்

பேக்கரியில் எல்லோரும் அவரை மாவு என்றுதான் கூப்பிட்டார்கள். மூத்தவர்களுக்கு மாவு, சின்னவர்களுக்கு மாவண்ணன். சம்பள நாளில் கணக்கர் ஒழுங்கான பெயரைப் படித்துவிட்டு, யாரும் எழுந்து வராததால், "யோவ் மாவு, உன்னைத்தான்யா" என்று கத்துவார். பெயருக்குக் காரணம் கண்முன்னே இருந்தது. மற்றவர்கள் மேஜைமேல் ஒரு கை மாவு தூவிப் பிசைய ஆரம்பித்தால், இவர் தன்மேல் இரண்டு கை தூவிக்கொண்டுதான் வேலையைத் தொடுவார். விரல் நுனியிலிருந்து தோள்வரை வெள்ளை, கழுத்தும் வெள்ளை. "இவரைத் தூக்கி அப்படியே அடுப்புல வச்சா நாலு வீட்டுக்கு ஆகும்" என்று அடுப்பைப் பார்த்துக்கொள்கிற தொப்பிக்காரர் கிண்டலடிப்பார். மாவுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். சிரிக்காவிட்டால் யாராவது உற்றுப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

அந்த வெள்ளைக்கு அடியில் இன்னொரு வெள்ளை இருந்தது. முழங்கையில், புறங்கையில், கழுத்தோரத்தில் சிவந்து தடித்த திட்டுகள். அவற்றின்மேல் மெழுகு சுரண்டியதுபோலச் செதில். தொட்டால் உதிரும், சொறிந்தால் ரத்தம் பொடிக்கும். மாவு பிசைகிற வேலை மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால் மனிதர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. ஊரில் எத்தனையோ பேர் முழுக்கைச் சட்டையை நம்பிப் பிழைத்தார்கள், இவர் கோதுமை மாவை நம்பிப் பிழைத்தார்.

பேக்கரி ஒரே நீளக் கட்டடம். ஒரு கோடியில் பிசைகிற மேஜைகள், நடுவில் சுவரை அடைத்துக்கொண்டு அடுப்பு, மறுகோடியில் ரொட்டி ஆறவைக்கும் அடுக்குகளும் பொட்டலம் கட்டும் இடமும். உடம்பில் இது வந்த நாள்முதல் மாவு அடுப்புக்கு இந்தப் பக்கமே இருந்தார். வெந்த ரொட்டியை அவர் கை தொட்டதே கிடையாது. பொட்டலப் பகுதிக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொல்லி முதலாளி வலியக் கேட்டபோதுகூட, "உட்கார்ந்து அதிகாரம் பண்றதெல்லாம் எனக்கு ஒத்து வராதுங்க" என்று தலையைச் சொறிந்தார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தன் கையில் இருப்பது ஒட்டிக்கொள்ளும் வியாதி. மாவில் பட்டால் பரவாயில்லை, நெருப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும். வெந்த ரொட்டியில் பட்டால் அது ஒரு குழந்தையின் வாய்க்குப் போகும். அந்தப் பாவத்தை மட்டும் செய்யமாட்டேன் என்று அவர் தனக்குள் வைத்திருந்த சட்டம் அது. கேட்டால் மதிக்கத்தான் தோன்றும். அடித்தளம்தான் தப்பு.

அந்தத் தப்பு எங்கே பிறந்தது என்று சொல்லவேண்டும்.

அவர் இளவட்டமாக அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்து வெளியே வைக்கிற ஒருவன் இருந்தான். முட்டியிலும் முழங்கையிலும் செதில் படிந்த வெள்ளைத் திட்டுகள். அவனுக்குச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் குடித்த டம்ளரை யாரும் தொடுவதில்லை. உடை மாற்றும் அறையில் அவன் ஆணிக்குப் பக்கத்து ஆணி காலியாகவே கிடக்கும். ஒருநாள் அவசரத்தில் நம்ம ஆள் சுண்ணாம்பின் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு தட்டு இழுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சோப்புப் போட்டுக் கழுவினார், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். அடுத்த வாரம் முதலாளி எல்லோரையும் கூட்டி, "இவனோட வேலை செய்ய யாருக்கெல்லாம் இஷ்டமில்லை?" என்று கேட்டபோது முதலில் தூக்கிய கை இவருடையது. சுண்ணாம்பு ஆணியில் இருந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச காலம் கழித்து, ஒரு குளிர் மாதத்தில், இவருக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டதும் முதுகிலும் வயிற்றிலும் மழைத்துளி விழுந்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள். பிறகு சூடான தட்டு பட்டு முன்கையில் ஒரு கோடு வெந்தது. புண் ஆறியது, கோடு மட்டும் ஆறாமல் தடித்து, செதில் கட்டி, அங்கேயே குடியேறிவிட்டது. இவர் யோசிக்கவே இல்லை. கையுறை! சுண்ணாம்பு போகும்போது கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த மனிதனை நினைக்காத நாளில்லை, சபிக்காத நாளும் இல்லை. மருத்துவரிடம் போனால் விஷயம் முதலாளி காதுக்குப் போகும், அடுத்த கூட்டத்தில் எல்லோர் கையும் தன்னைப் பார்த்துத் தூக்கப்படும் என்று வாயைக் கட்டிக்கொண்டார். மாவு மூட்டையில் கையை விட்டார்.

கல்யாணமான புதிதில் மனைவியிடம் அடுப்புச் சூடு என்று சொல்லிப் பார்த்தார். அவள் ஒன்றும் அசடு இல்லை. "சூடு பட்டா முதுகுலயுமா படும்? அடுப்புமேல படுத்துத் தூங்கினீங்களா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னார். அவள் அழவில்லை, ஓடவில்லை. படுக்கையை உதறி, உதிர்ந்ததைப் பெருக்கி அள்ளி, வேலையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இவர் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவர்.

பெண் குழந்தை பிறந்ததும் வீட்டில் சட்டங்கள் வந்தன. அவருக்குத் தனி டம்ளர், தனி துண்டு, தனிப் படுக்கை. குழந்தையை அவர் தூக்கமாட்டார். மனைவி சண்டை பிடித்தாள்.

"எனக்கு வந்துச்சா? இத்தனை வருஷமா உங்க கூடத்தானே கிடக்கிறேன்?"

"உன் உடம்பு கெட்டி. அது பச்சைக் குழந்தை."

"ஒட்டும்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் எதுக்கு? எனக்கே ஒட்டுச்சே!"

இதற்குப் பதில் அவள் உடம்பிலேயே இருந்தது, வருஷக்கணக்காய் ஒரு புள்ளிகூட இல்லாமல். ஆனால் ஒன்றை நம்ப முடிவெடுத்த மனிதனுக்குக் கண்ணெதிரே நிற்கும் சாட்சி தெரியாது.

அப்பா என்றால் மூன்றடி தள்ளி இருப்பவர் என்று நினைத்தபடியே குழந்தை வளர்ந்தது. அவர் தண்ணீர் கேட்டால் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டெட்டுப் பின்னால் போய் நிற்கும். ஒருமுறை, பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில், மாடிப்படியில் உருண்டு விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. வீட்டில் அவர் மட்டும். அது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அலறியது. அவர் படிக்குக் கீழே நின்று, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரி அம்மாவைக் கூவி அழைத்தார். அந்த அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கினாள். "பெத்த அப்பன் நின்னு வேடிக்கை பார்க்கிறான் பாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். குழந்தை அந்த அம்மாவின் தோளில் இருந்தபடி அவரையே பார்த்தது. அன்று சாயங்காலம் அவர் முதன்முதலாகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பிறகு அது வழக்கமாயிற்று. குடித்தால் அரிப்பு தெரியாமல் தூங்கலாம் என்றார். சிகரெட் பெட்டி பையைவிட்டு இறங்கவில்லை. வயிறு முன்னால் தள்ளியது, திட்டுகள் இடுப்புக்கும் காலுக்கும் இறங்கின, நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. எதற்கு எதோடு தொடர்பு என்று அவருக்கு யார் சொல்ல? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது, அந்தப் பதிலின் பெயர் சுண்ணாம்பு.

மகள் வளர்ந்து, படிப்பு முடித்து, ஒரு பார்சல் அனுப்பும் அலுவலகத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். தலைமுடியை எப்போதும் காதை மூடி விரித்துப் போட்டிருப்பாள். "வெயில் கொளுத்துது, தூக்கிக் கட்டித் தொலையேன்டி" என்று அம்மா கத்தினாலும் கட்டமாட்டாள். வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சந்தைப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். பெயரில்லாத உறை, சின்ன வெள்ளை மாத்திரை. இதுவரை அவர் சாப்பிட்ட எதுவும் செய்யாததை அது செய்தது. சில வாரத்தில் செதில் உதிர்ந்து, சிவப்பு வெளிறி, முழங்கை முழங்கையாகவே இருந்தது. அவர் கண்ணாடிமுன் நின்று தன் முதுகைப் பார்க்க முயன்று கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார். அரைக்கைச் சட்டை ஒன்று வாங்கினார். பேக்கரியில் தன்மேல் மாவு தூவாமல் பிசைந்தார். "என்ன மாவு, விரதமா?" என்றார் தொப்பிக்காரர்.

"இப்போவாவது பொண்ணு தலையில கை வைங்க" என்றாள் மனைவி.

"வைக்கிறேன். அவசரப்படாதே. இது மாத்திரையில அடங்கியிருக்கா, அடியோட போயிடுச்சான்னு தெரியணும்ல? மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறேன். ஒரு மாசம் சுத்தமா இருந்தா, அப்புறம் பயமில்லை."

அவளுக்காகத்தான் நிறுத்தினார். அப்படியே, ஒரே நாளில்.

இரண்டாவது வாரமே உடம்பு திரும்பித் தாக்கியது. பழைய திட்டுகளாக வரவில்லை. தலைமுதல் பாதம்வரை ஒரே சிவப்பு, சுடுதண்ணீரில் முக்கியெடுத்தது போல. தோல் தாள்தாளாக உரிந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே குளிரால் நடுங்கினார், கால்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வாடகை வண்டியில் ஏற்றும்போதுகூட, பிடிக்க வந்த மகளைப் பார்த்து, "நீ தள்ளிப் போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கையைத் தூக்கிப் பார்த்தபோது அவர் பதறிவிட்டார்.

"பக்கத்துல வராதீங்கம்மா. ஒட்டிக்கும்."

"யார் சொன்னது? இது சொரியாசிஸ். ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது, ஒரே படுக்கையில படுத்தாலும் ஒட்டாது."

அவர் நம்பவில்லை. சுண்ணாம்பையும் கையுறையையும் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் கேள்விகளாகக் கேட்டார். முதலில் வருவதற்கு முன்னால் தொண்டைப் புண் வந்ததா? வந்தது. வெட்டு, தீப்புண் பட்ட இடத்தில் பிடித்துக்கொண்டதா? ஆமாம். குளிரில் கூடுமா? கூடும். சிகரெட்? குடி? மனக்கவலை? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூடவே குடியிருந்து பார்த்தவர்போலக் கேட்டார் அந்த அம்மா.

"உடம்புக்குக் காவல் இருக்கிறதே ஆள் தெரியாம சொந்தத் தோலை அடிக்குது. தோல் அவசர அவசரமா வளர்ந்து உதிருது. இதுக்கான வாகு பிறக்கும்போதே ரத்தத்துல வருது. நான் கேட்டதெல்லாம் அதைக் கிளப்பி விடுற விஷயங்க. அந்த மாத்திரை ஸ்டீராய்டு. அதைத் திடீர்னு நிறுத்தினதுதான் இப்போ உங்களை இப்படிப் போட்டிருக்கு. ஆமா, உங்க பேக்கரியில எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"எல்லா வேளைக்கும் சேர்த்தா நூறு பேருக்கு மேல இருக்கும்."

"இடத்துக்கு இடம் மாறும். பொதுவா நூறு பேர்ல ஒருத்தர், ரெண்டு பேர், சில ஊர்ல மூணு பேருக்குக்கூட இது இருக்கு. உங்களைத் தவிர இன்னொருத்தராவது அங்க இருக்கலாம். உங்களை மாதிரியே மூடி மறைச்சுக்கிட்டு."

அன்று பகல் முழுக்க அவர் பேக்கரியில் இருக்கிற ஒவ்வொருவரையும் மனதில் நிறுத்திப் பார்த்தார். கோடையிலும் கழுத்துத் துணி கட்டுகிற வண்டிக்காரர். கையைப் பையைவிட்டு எடுக்காத கணக்கர். மறுநாள் தொப்பிக்காரர் பார்க்க வந்தார். ஒட்டாது, உள்ளே வாங்க என்று நர்ஸ் சொல்லியும் வாசல்படியிலேயே நின்று நலம் விசாரித்தார். அந்த உஷ்ணத்திலும் தலையிலிருந்த தொப்பியை அவர் கழற்றவில்லை. மாவு அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பைப் பற்றி மட்டும் கேட்டார். "அவனா? எங்க போனான்னு யாருக்குத் தெரியும்" என்றார் தொப்பிக்காரர்.

அக்கா வந்தது அதற்குப் பிறகு. அவருக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு, வெளியூரில் கட்டிக்கொடுத்தவள். கட்டிலைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இருந்த மாதிரியேடா..."

"அப்பாவுக்கா?"

"அப்பா வீட்டுக்குள்ளகூடக் காலுறையைக் கழட்டாம இருந்தாரே, ஏன்னு நெனச்ச?"

"குளிருக்குன்னு."

"எந்தக் குளிருடா? வேர்த்து ஊத்துற ஊர்ல! முட்டியிலிருந்து பாதம்வரை இதே செதில்தான். வெளிய சொன்னா எனக்கு மாப்பிள்ளை வராதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நீ சின்னப் பையன், உனக்குத் தெரியவே தெரியாது."

அவருக்கு அழுகை வந்தது. கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. அவர் கையில் வந்தது அவர் அப்பாவிடமிருந்து வந்தது. சுண்ணாம்பு எதையும் கொடுக்கவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்ததற்கும், ஒரு ஆயுள் முழுக்க அவனைச் சபித்ததற்கும், பெற்ற பிள்ளையைத் தொடாமல் வளர்த்ததற்கும் ஒரு பழைய கையுறையைக் காரணம் காட்டியிருக்கிறார்.

"பொண்ணை வரச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

மகள் வந்து, பழக்கத்தில் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்றாள். "கிட்ட வாம்மா" என்றதும் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. கட்டிலருகே வந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. காதை மூடியிருந்த முடியை ஒதுக்கித் திரும்பி நின்றாள். காதுக்குப் பின்னால், கழுத்து மயிர் தொடங்கும் இடத்தில், சிவப்பாக ஒரு திட்டு. அதன்மேல் வெள்ளைச் செதில்.

"எனக்கும் வந்துடுச்சுப்பா. ரெண்டு வருஷம் ஆச்சு. என் தப்புதான்."

"உன் தப்பா?"

"சின்னப் பிள்ளையில, ஒரு மத்தியானம் நீங்க குப்புறப் படுத்துத் தூங்கிட்டு இருந்தீங்க. எப்படித்தான் இருக்கும்னு உங்க முதுகுல கை வச்சுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. கிட்ட வராதேன்னு நீங்க சொல்லியும் கேக்கல. அதான் ஒட்டிக்கிச்சு. சொன்னா திட்டுவீங்கன்னு..."

பழி சுமத்த அவருக்கு ஒரு சுண்ணாம்பு கிடைத்தான், அவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷமாக, அதே வீட்டில், அவருக்கு எதிரே.

"இல்லடா கண்ணு. இல்ல. கேளு. தொட்டதுல வரல. டாக்டரம்மா சொன்னாங்க. இது எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்துச்சு, உனக்கு வந்திருக்கு. நீ தொட்டாலும் வந்திருக்கும், தொடாட்டியும் வந்திருக்கும். நான்தான் பைத்தியக்காரன். தூக்கியிருக்கலாம். அன்னிக்கு படியில விழுந்தியே, தூக்கியிருக்கலாம்."

அவர் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். நர்ஸ் குறுக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, வெறுங்கையால தொடாதீங்க. அவருக்கு இப்போ தோலே இல்ல. நம்ம கையில இருக்கிற கிருமி நேரா உள்ள போயிடும். கையுறை போட்டுக்கோங்க."

கையுறை என்ற வார்த்தையைக் கேட்டதும் மாவு சிரித்துவிட்டார். இருமல்போல வந்தது அந்தச் சிரிப்பு. ரப்பர் கையுறை மாட்டிய கையால் மகள் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ரப்பரின் வழவழப்புதான் அவருக்குத் தெரிந்தது.

"தோல் மூடட்டும்" என்றார். "வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். நீ உடனே இந்த டாக்டரம்மாகிட்ட உன்னைக் காட்டு. நல்ல மருந்து இருக்காம். மருந்துக்கடைப் பக்கம் போகாதே. முடியைத் தூக்கிக் கட்டு. எவன் என்ன கேட்டாலும் ஒட்டாதுன்னு சொல்லு."

தோல் மூடவில்லை. கிருமி எங்கிருந்தோ உள்ளே போய்விட்டிருந்தது, காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மா மருந்தை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். மனைவி ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை. விரல்கள் மட்டும் போர்வையை மடித்து, அழுத்தி, திருப்பி, மறுபடி மடித்துப் பிசைந்துகொண்டே இருந்தன. பிறகு அதுவும் நின்றது.

நர்ஸ் வந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மகளின் கையைப் பார்த்து, "இனிமே அது வேண்டாம்மா, கழட்டிடுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

மகள் இரண்டு கையுறையையும் கழற்றித் தரையில் போட்டாள். தலைமுடியைத் தூக்கி முடிந்துகொண்டாள். மாவு பிசைந்து பிசைந்து தடித்துப்போன அப்பாவின் வலது கையை இரண்டு கையாலும் எடுத்து, காதுக்குப் பின்னால் அந்தத் திட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்து நின்ற பிறகும் அவள் விடவில்லை, அம்மாவும் விடச் சொல்லவில்லை.